பேர் தெரியாததெல்லாம் டீச்சருடையது

இப்போதெல்லாம் புல்லுக்கு முன்னால் போனை நீட்டினால் போதும், போனே பேர் சொல்லிவிடுகிறது என்கிறார்கள். அரியலூரில் புதுசாகத் தோட்ட வேலைக்கு வந்திருக்கும் இரண்டு பேர் போன வாரம் எனக்கு அதைக் காட்டினார்கள். கம்பங்கதிர் மாதிரி பூத்து வளைந்து நிற்கும் ஒரு அழகுப் புல்லைப் படம் பிடித்தார்கள். போன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ‘புல்’ என்றது. அந்த அளவுக்கு எனக்கே தெரியும். சார்ஜ் போடாமலே தெரியும்.

“நீங்கல்லாம் போன் இல்லாம எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டார்கள். நான் எங்கே கண்டுபிடித்தேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும், அதுவும் தினம் ஒரு மாதிரி வரும். அதனால் நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நான் கெட்ட வார்த்தை பேசும் இடங்களைத் தாண்டிப் போகிறாள். அங்கங்கே நான் நல்லவன் மாதிரி தெரிந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

திருமானூர்ப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவன் நான். இடுப்பு போன பிறகு அரியலூரில் ஒரு ஆலை குவார்ட்டர்ஸில் புல்தரை வெட்டும் மெஷினைத் தள்ளினேன். மெஷினைத் தள்ளியதால் தோட்டக்காரன் என்று பேர் வந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவனை மெக்கானிக் என்று கூப்பிடுகிற மாதிரிதான். என் படிப்பு, பயிற்சி எல்லாம் அவ்வளவுதான்.

அங்கிருந்துதான் டீச்சர் வீட்டுக்குப் போனேன். கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் பிரபு ஓசூரில் வேலை பார்த்தார். பெரிய வீடு, முன்னால் பெரிய வாசல். முதலில் அங்கே ரோஜா வைத்திருந்தாராம். எங்கள் ஊர்ப் போர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். காமாலை வந்தவன் கண் மாதிரி ரோஜா இலையெல்லாம் மஞ்சளாகிச் செத்துப்போனது. “இந்தத் தண்ணிக்கு எது பொழைக்குமோ அதை வளர்ப்போம்” என்று டீச்சர் புல்லுக்கு மாறினார். பெங்களூரிலிருந்து விதவிதமான புல் தொட்டி தொட்டியாக வந்தது.

“உங்களுக்குப் புல்லுல அனுபவம் இருக்கா?” என்று கேட்டார்.

“நெறைய இருக்குங்க டீச்சர்” என்றேன். பொய் இல்லை. பிடுங்குவதில் நிறைய அனுபவம் இருந்தது.

டீச்சர் என்னை ஒருநாளும் திட்டியதில்லை. அதுதான் கஷ்டமே. வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மர ஸ்கேலை நீட்டி நீட்டி வேலை சொல்வார். நாயைக்கூட வாங்க போங்க என்றுதான் விரட்டுவார். நான் எதையாவது கெடுத்துவிட்டு நின்றால் பரீட்சைப் பேப்பரைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, “பாதி சரி, கலியபெருமாள். மீதிக்கு என்ன பண்ணலாம்?” என்பார். கரும்புக்கொல்லை மேஸ்திரியிடம் அம்மா அக்கா எல்லாரையும் இழுத்துத் திட்டு வாங்கிப் பழகினவன் நான். இந்த மரியாதையில் எனக்கு வேர்த்துவிடும்.

அடையாளம் பார்ப்பதையும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். “தண்டைக் கையில வெச்சு உருட்டிப் பாருங்க. மூணு பட்டை தட்டுதா, அது கோரை. உருளையா இருந்து நடுவுல கணு வந்தா, அது புல்லு. அப்புறம் இலை தண்டை விட்டுப் பிரியற எடத்தைப் பாருங்க. மயிர் இருக்கா, மெல்லிசாத் தோல் இருக்கா, ஒண்ணுமே இல்லையா.” பேரெல்லாம் இங்கிலீஷில் சொன்னார். என் வாயில் நுழையவில்லை. நான் உறவு முறை வைத்துக்கொண்டேன். கம்பு மாதிரி பூக்கிறது கம்புக்குச் சின்னம்மா பிள்ளை. பச்சையில் மஞ்சள் பட்டை போட்டது கரும்புக்கு மச்சான். ஊதா நிறத்தில் இருந்தது மட்டும் யாரோடும் ஒட்டவில்லை. அதைப் பட்டணத்துச் சம்பந்தி என்று வைத்தேன்.

ஓரத்தில் குட்டையாக, கருகருவென்று ஒன்று இருந்தது. “இது புல்லே இல்ல, லில்லிக்குச் சொந்தம்” என்றார் டீச்சர்.

“பின்ன ஏங்க புல்லுன்னு வித்தான்?”

“பார்க்க அப்படி இருக்கு.”

“என்னைப் பாத்தா தோட்டக்காரன் மாதிரி இருக்கற மாதிரிங்களா?”

“சரி” என்றார். அன்றைக்குத்தான் பாதியை விட்டுவிட்டு முழுசாகச் சரி சொன்னார்.

அழகுப் புல்லுக்கு உரம் போடக்கூடாது. விரலை மண்ணில் இரண்டு கணு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். இது டீச்சர் சட்டம். கரும்புக்காரன் கை சும்மா இருக்குமா. ரெண்டு பிடி யூரியா வைத்தேன். திமுதிமுவென்று வளர்ந்து, கடை மூடும் நேரத்துக் குடிகாரன் மாதிரி நாலு பக்கமும் சாய்ந்தது. கரும்பு சாயாமல் தோகையைச் சேர்த்துப் பின்னிக் கட்டுவோம். அதே மாதிரி இதையும் பின்னி விட்டேன். டீச்சர் வெளியே வந்து பார்த்தார். “ஏன் கலியபெருமாள், எல்லாம் ரெட்டை சடை போட்டு ஸ்கூலுக்குக் கெளம்பற மாதிரி இருக்கு?” என்றார்.

பொங்கல் கழிந்தால் புல்லை வெட்டிவிட வேண்டும். காய்ந்த தாள் போனால்தான் புதுத் தளிர் வரும். கரும்புக் கட்டையைச் சீவுவது போல மண்ணோடு மண்ணாகச் சீவத்தான் எனக்குத் தெரியும். டீச்சர் ஸ்கேலைக் குறுக்கே நீட்டினார். “ஒரு சாண் விடுங்க. உயிர் அங்கதான் இருக்கு.” விட்டேன். அந்த ஒரு சாண்தான் பின்னால் என் மானத்தைக் காப்பாற்றியது. முழுசாக இல்லை, ஒரு சாண் அளவுக்கு.

இப்போது பெரிய கதைக்கு வருகிறேன். அந்த மாசி மாதம் பிரபு சார் போனில் பேசினார். டீச்சர் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

“அம்மா, நீ தனியா இருக்க. அந்தப் பொதருக்குள்ள பாம்பு வந்தா யாரு பாக்கறது? பேவர் பிளாக் போட்டுடலாம். கூட்டறது ஈஸி. நான் வந்தா காரும் உள்ள நிக்கும்.”

டீச்சர், “ஞாயித்துக்கெழமை வாப்பா. வந்து ஒரு தடவை பாரு. பார்த்துட்டும் வேணாம்னா எடுத்துடலாம்” என்றார். போனை வைத்துவிட்டு ஸ்கேலை மடியில் வைத்துக்கொண்டு தோட்டத்தையே பார்த்தார். வெட்டிவிட்ட தூரெல்லாம் அப்போதுதான் ஒரு விரல் தளிர் விட்டிருந்தது. ஊடே கோரையும் அருகும் ஏறியிருந்தன.

“மகன் வர்றதுக்குள்ள களை எடுத்துச் சுத்தமா இருக்கணும் கலியபெருமாள். இல்லன்னா அவன் சொல்றதுதான் சரின்னு ஆயிடும்” என்றார்.

என் சம்சாரம் அஞ்சலையும் அவள் கூட்டாளிகளும் கீழப்பழுவூர்ப் பக்கம் களையெடுப்பில் பேர் போனவர்கள். அவர்கள் ஏறி இறங்கின வயலில் களை திரும்பி முளைக்க யோசிக்கும். அவர்களையே வரச் சொன்னேன். அன்றைக்குப் பார்த்து டீச்சருக்குத் திருச்சியில் கண் ஆஸ்பத்திரி. எனக்கு ஆண்டிமடத்தில் தங்கச்சி வீட்டுக் காதுகுத்து. போகாவிட்டால் அடுத்த காதுகுத்து வரைக்கும் அதையே சொல்லிக் காட்டுவாள். “களை ஒண்ணு விடாம எடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டு நான் பஸ் ஏறிவிட்டேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அஞ்சலைக்குச் சரியாகத் தெரியாது. ‘பூந்தோட்டம்’ என்று சொல்லி வைத்திருந்தேன். களையெடுத்தே வயிறு வளர்த்த குடும்பத்தில் போய், நான் புல் வளர்க்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

மத்தியானம் பந்தி முடிந்ததும் கிளம்பி வந்து கேட்டைத் திறந்தேன். தோட்டம் இல்லை. மண் மட்டும் இருந்தது, சீப்பு போட்டு வாரின மாதிரி. அங்கங்கே நாலு துளசி, ஒரு கொத்து தும்பை, கொஞ்சம் குப்பைக்கீரை, சமையல் கழிவில் தானாக முளைத்த ஒரு தக்காளிச் செடி. தக்காளிக்கு மண் அணைத்து, குச்சி நட்டு, தண்ணீரும் ஊற்றியிருந்தார்கள். பிடுங்கின புல்லெல்லாம் மதில் ஓரம் போராகக் கிடந்தது. வேரில் ஒரு பொட்டு மண் இல்லை. திரும்பிப் பிழைத்துவிடக் கூடாது என்று மண்ணை உதறி, வேரை வானம் பார்க்கத் திருப்பிப் போட்டிருந்தார்கள். கைதேர்ந்த வேலை.

அஞ்சலை கை கழுவிக்கொண்டே வந்தாள். “ஏய்யா, இத்தன வருசமா இங்க என்னய்யா வேல பாத்த நீ? வெறும் புல்லா மண்டிக் கெடக்கு. கட்ட கட்டயா வேற. கடப்பாற போட்டுல்ல எடுத்தோம்.”

“அதான்டி வேல” என்றேன்.

“எது?”

“புல்லு வளக்கறதுதான்டி வேல.”

பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள். கூட்டத்தில் மூத்தவள் பெரியநாயகி அக்கா. அவள் வாய்க்குப் பயந்து கண்டக்டரே பஸ்ஸை நிறுத்துவான். “புல்லு வளக்கறதுக்கு ஒரு ஆளா?” என்றாள். “அது தானா வளருமேய்யா. நீ எதுக்கு, பக்கத்துல நின்னு தைரியம் சொல்றதுக்கா?”

நான் பதில் சொல்வதற்குள் வாசலில் ஆட்டோ நின்றது. டீச்சர் கறுப்புக் கண்ணாடியோடு இறங்கித் தடவித் தடவி உள்ளே வந்தார். தோட்டத்துப் பக்கம் திரும்பி நின்றார்.

“கலியபெருமாள், கண்ணுல சொட்டு மருந்து போட்டு விட்டாங்க. எல்லாம் மங்கலா இருக்கு. எனக்குத் தோட்டமே தெரியல.”

“கண்ணு நல்லாத்தாங்க இருக்கு டீச்சர்” என்றேன்.

அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். மெதுவாக நடந்து புல் போருக்குப் போய் ஒரு தூரை எடுத்து, வேரைத் தடவினார். அஞ்சலை சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். “தெரியாம பண்ணிட்டோம் டீச்சர். இந்த மனுசன் பூந்தோட்டம்னான். பூவக் காணும், அதான் எல்லாம் களைன்னு நெனச்சோம்.”

“களை எடுத்த வேலைக்கு நூத்துக்கு நூறும்மா” என்றார் டீச்சர். எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷத்தில் நான் அம்பதைத் தாண்டவில்லை.

“இன்னும் உயிர் இருக்கு” என்றார். “வெயில்ல இன்னும் கெடந்தா போயிடும். எது நம்ம புல்லு, எது களைன்னு பிரிக்கணும். எனக்கு இன்னைக்குக் கிட்டத்துல எதுவும் தெரியாது. நீங்க பிரிச்சுடுவீங்க இல்ல?”

பிரித்தேன். வாடிச் சுருண்டு, மேல்தாள் இல்லாமல், தளிர் மட்டும் தொங்கும்போது எல்லாப் புல்லும் ஒரே சாயலில்தான் இருக்கிறது, காதுகுத்து வீட்டில் மொட்டை போட்ட பிள்ளைகள் மாதிரி. உருட்டிப் பார்க்கும் வித்தையெல்லாம் பதற்றத்தில் மறந்துபோனது. ஒரு கொத்தை எடுத்து, “இது கம்பு மாதிரி பூக்குமே, அது” என்று டீச்சர் கையில் கொடுத்தேன்.

பெரியநாயகி அக்கா எட்டிப் பார்த்தாள். “அது கோரடா பாவி. தாலி கட்டுனவனுக்குப் பொண்டாட்டி யாருன்னு தெரியல பாரு.”

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. அஞ்சலை மட்டும் சிரிக்கவில்லை. போரையே பார்த்துக்கொண்டு நின்றவள், “டீச்சர், எங்களுக்கு இந்தச் செடியெல்லாம் தெரியாது. ஆனா களைன்னா எங்களுக்கு அத்துப்படி. எங்களுக்குப் பேரு தெரிஞ்சதெல்லாம் களை. பேரு தெரியாததெல்லாம் ஒங்களோடது. அப்படிப் பிரிச்சா ஆகாதா?” என்றாள்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவள் நிற்கும் திசையைப் பார்த்தார். “ஆரம்பிங்கம்மா” என்றார்.

வட்டமாக உட்கார்ந்தார்கள். கை போன வேகம் இருக்கிறதே. “கோர. அருகு. காக்காக்கால் புல்லு. கோர. இது யாரு வூட்டுப் புள்ள?” “தெரியலக்கா.” “அப்ப டீச்சர் வூட்டுப் புள்ள, தண்ணில போடு.” வெட்டிவேரும் வாசனைப் புல்லும் பேர் தெரிந்தவைதான். ஆனால் மோந்து பார்த்ததும் பிழைத்துக்கொண்டன. வீட்டில் இருந்த வாளி, அண்டா, துணி ஊற வைக்கும் டப் எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்பிப் புல்லை நிற்க வைத்தோம். என் வேலை தண்ணீர் சுமப்பது. என்னைப் பிரிக்க விடவில்லை. ஒரே ஒரு கொத்தை மட்டும் நானாகத் திருட்டுத்தனமாக வாளியில் போட்டேன். அது எதுவென்று பிறகு சொல்கிறேன்.

மஞ்சள் பட்டைப் புல்லை மட்டும் காணோம். தேடினால், கேட்டு ஓரத்தில் ஒரு தலைச்சுமைக் கட்டு இருந்தது. பெரியநாயகி அக்கா மாட்டுக்கு என்று கட்டி வைத்தது.

“கட்ட அவுருக்கா” என்றேன்.

“ஏன், என் மாடு என்னய்யா பாவம் பண்ணுச்சு? அதுவும் ஒருநாள் பட்டு போட்ட புல்லு தின்னட்டுமே.”

“அக்கா, வேணும்னா என்னத் தின்னச் சொல்லு.”

“ஒன்னத் தின்னா பால் வத்திடும்” என்று சொல்லிக்கொண்டே அவிழ்த்தாள்.

பிறகு நடவு. டீச்சர் சொல்லச் சொல்லச் செய்தோம். நடுவில் செத்துப்போன பெரிய தூரையெல்லாம் மண்வெட்டியால் பிளந்து, உயிருள்ள ஓரத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். வாடிய தளிரை நறுக்கிவிட்டு, பொங்கல் கழிந்து விட்டு வைத்த அந்த ஒரு சாண் கட்டையை மட்டும் நிறுத்தினோம், உயிர் அதில்தான் இருந்தது. நாற்று முடியைக் கிள்ளி நடுகிற மாதிரிதான், தலைப்பாரம் குறைந்தால் வேர் பிடிக்கும். தூரின் கழுத்து மண்மட்டத்தில் நிற்க வேண்டும். ஆழம் போனால் அழுகும், மேலே நின்றால் காயும். டீச்சர் நாற்காலியில்தான் இருந்தார். அங்கிருந்து அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எழுந்து வந்தார், செருப்பைக் கழற்றினார், சேலையைச் செருகிக்கொண்டு அஞ்சலை பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கண்ணால் பார்க்க முடியாததால் விரலால் கழுத்தைத் தடவிப் பார்த்து நட்டார்.

“டீச்சர், நவுருங்க, வரிச கோணுது” என்றாள் பெரியநாயகி அக்கா.

டீச்சர் நகர்ந்துகொண்டார். அந்த வாயிலிருந்து ‘பாதி சரி’ வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. “இப்ப சரியா இருக்காம்மா?” என்று அவர் கேட்டார்.

நட்டு முடித்து நிமிர்ந்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. அழகுப் புல்லை அங்கொரு கூட்டம், இங்கொரு கூட்டமாக வளைத்து வளைத்து வைக்க வேண்டும். நடவுக்காரப் பெண்களுக்குத் தெரிந்தது ஒரே நடவுதான். நூல் பிடித்த மாதிரி, வரிசை வரிசையாக, கேட்டிலிருந்து வராந்தா வரைக்கும் நாற்று நட்டிருந்தார்கள். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் பேச்சை அன்றைக்கு யார் கேட்கப்போகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை பிரபு சார் வந்தார். கூடவே கல் பதிக்கிறவர், கையில் டேப்போடு. கேட்டருகே நின்று பார்த்தார்கள். ஒரு சாண் கட்டைகள், பாதி பச்சை, பாதி காய்ந்தது, வெயிலுக்குத் தென்னை ஓலை மறைப்பு.

“என்னம்மா, நெல்லு போட்டிருக்கியா?”

“புல்லுப்பா.”

“இதுக்காம்மா என்னை வந்து பார்க்கச் சொன்ன?” கோபமாகக் கேட்கவில்லை. அம்மாவை நினைத்துக் கவலையாகத்தான் கேட்டார். “ஒண்ணுமே இல்லையேம்மா. அளந்துடலாம் விடு.”

நான் டீச்சர் முகத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம் என்று வாக்குக் கொடுத்தவர் அவர். கல் பதிக்கிறவர் டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு, மறுமுனையோடு வராந்தாவை நோக்கி நடந்தார். கொடுத்ததை நானும் வாங்கிக்கொண்டேன், அவ்வளவு வீரன் நான். மூன்றாவது வரிசையில் அவர் ஷூ ஒரு தூரின் மேல் ஏறியது.

“காலை எடுங்க” என்றார் டீச்சர்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆள் காலை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒற்றைக் காலில் நின்றார். பல வருஷம் வகுப்பு எடுத்த குரல்.

“அது நான் நட்டது” என்றார். மகன் பக்கம் திரும்பினார். “பாம்பு பயம் நியாயம்தான் பிரபு. மதில் ஓரம் ஜல்லி போட்டு வெட்டவெளியா விடறேன். கேட்டுலேந்து படி வரைக்கும் நடக்கறதுக்குக் கல்லு போட்டுக்க. மீதி மண்ணு எனக்கு வேணும்.”

“பார்த்துட்டு முடிவு பண்ணலாம்னு நீதானம்மா சொன்ன?”

“சொன்னேன். அப்ப நாற்காலியில உட்கார்ந்திருந்தேன்.”

“கார்?”

“தெருவுல நிறுத்து.”

அவ்வளவுதான் பேச்சு. கல் பதிக்கிறவர் என்னிடமிருந்து டேப்பைச் சுருட்டிக்கொண்டு, நடைபாதைக்கு மட்டும் அளந்துவிட்டுப் போனார்.

பிழைத்ததா என்று கேட்பீர்கள். ஊதா நிறப் பட்டணத்துச் சம்பந்தி மட்டும் கோபித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தது. மற்றதெல்லாம் சித்திரைக்குள் வேர் பிடித்து, ஆடியில் பூத்தது. வரிசையை டீச்சர் மாற்ற விடவில்லை. காற்றடித்தால் கம்பங்கொல்லை மாதிரி ஒரே பக்கம் சாய்ந்து எழும், தினைக்குருவிகள் ஏமாந்து வந்து உட்காரும். நான் திருட்டுத்தனமாக வாளியில் போட்ட கொத்தை முன்வரிசையில் நட்டு, தனியாகத் தண்ணீர் விட்டு வளர்த்தேன். எல்லாவற்றிலும் அதுதான் செழிப்பாக வந்தது. அது கோரை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை. பிரபு சார் வருத்தம் தணிந்து, பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்து, “குடுங்கண்ணே, நான் விடறேன்” என்று என்னிடமிருந்து தண்ணீர்க் குழாயை வாங்கினார். டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார். வேருக்கு விடச் சொன்னால் தலைக்கு விட்டார். ஓலையைத் தள்ளிவிட்டார். புல்லை விட்டுவிட்டு, நாங்கள் பிடுங்க மறந்த ஒரு அருகுக் கொத்துக்கு நின்று நிதானமாக நனைய நனைய ஊற்றினார். கடைசியில் குழாய் சுற்றிக்கொண்டு அந்தத் தக்காளிச் செடியை ஒடித்தார்.

என்னைவிட மோசமான தோட்டக்காரன் ஒருவனை என் ஆயுசில் அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்த்தேன். மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.